எக்ஸ்ரே அக்காவும் அவுட் கார்டும்

எக்ஸ்ரே அக்காவுக்கு ஒரு பிஸ்கட் கொடுப்பதென்றால், முதலில் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று நான் படித்துச் சொல்ல வேண்டும். மைதா, சர்க்கரை, எண்ணெய் வரைக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்பார். 'உப்பு' என்று வந்துவிட்டால், வாய்க்குப் பக்கத்தில் போன பிஸ்கட் அப்படியே என் கைக்கு வந்துவிடும். இத்தனைக்கும் அவருக்கு ரத்தக் கொதிப்பு கிடையாது. எங்கள் ஸ்கேன் சென்டரில் மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் கருவாட்டு வாசம் வரவேற்பறை வரைக்கும் போகும். பழைய கிரிக்கெட் கார்டு விற்கிறவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் அவருக்கு இந்த விரதம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த அந்த ஸ்கேன் சென்டரில் அவர் எக்ஸ்ரே எடுப்பார். நான் ரிப்போர்ட் டைப் அடிப்பேன். அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. "மூச்ச இழு, புடி, உடு" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, சாதாரணமாகப் பேசும்போதும் அந்த மூன்று அதட்டலும் அவர் குரலில் இருக்கும். நர்ஸிலிருந்து டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்காதான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பபுள்கம் வாங்கினால் உள்ளே ஒரு கிரிக்கெட் கார்டு இருக்கும். முன்பக்கம் ஒரு ஆட்டக்காரரின் படம், மூலையில் ஆறு, நாலு, ரெண்டு என்று ரன். ஆளுக்கொரு கார்டைக் கீழே போட்டு, ரன் ஜாஸ்தி உள்ளவன் இரண்டையும் அள்ளிக்கொண்டு போவான். சில கார்டுகளில் ரன் இருக்காது. 'அவுட்' என்று போட்டிருக்கும். அதை எவனும் ஆட்டத்தில் சேர்க்க மாட்டான். சைக்கிள் சக்கரத்தில் சொருகி டரடர என்று சத்தம் வரவைப்போம், இல்லையென்றால் சாக்கடையில் விடுவோம். அதனால்தான் இன்றைக்கு ஆறு ரன் கார்டு ஆன்லைனில் கொட்டிக் கிடக்கிறது, அவுட் கார்டுதான் கண்ணில் படுவதில்லை.

அக்கா வீட்டில் அக்காவும் ஒரு அண்ணனும். பபுள்கம் வாங்கினால் கார்டு அண்ணனுக்கு, பபுள்கம் தங்கைக்கு. அதுதான் அந்த வீட்டுச் சட்டம்.

"மென்னு மென்னு எனக்குத் தாட வலிச்சதுதான் மிச்சம். அவன் டப்பா நெறைய கார்டு வெச்சிருப்பான். நான் தொடக்கூடாது, பாக்கலாம்" என்பார்.

ஒரே ஒரு முறை ஒரு அவுட் கார்டு வந்தபோது, "இத நீயே வெச்சிக்க" என்று அண்ணன் தூக்கிப் போட்டாராம். யாரோ ஒரு வேகப்பந்து வீச்சாளர். அவர் வீட்டுக்காரர்களே இந்நேரம் அவர் கிரிக்கெட் ஆடியதை மறந்திருப்பார்கள். ஆனால் அக்காவுக்குச் சொந்தமாக இருந்த முதல் கார்டு அது. அதுவும் கொஞ்ச நாளில் காணாமல் போய்விட்டது. அதைத்தான், தலைக்குச் சாயம் அடிக்கிற வயதிலும் அவர் தேடிக்கொண்டிருந்தார். ஆல்பம் ஆல்பமாகக் கார்டு சேர்த்திருந்தார். எந்த ஆல்பத்தைத் திறந்தாலும் முதல் பக்கத்து முதல் உறை காலியாக இருக்கும். அந்த வேகப்பந்து வீச்சாளர் வந்தால் உட்காருவதற்கு.

கார்டு சேர்க்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் அக்காவின் முகப்புப் படம் ஒரு கிரிக்கெட் பந்து. எல்லோரும் அவரை 'சார்' என்றே எழுதுவார்கள். ஒருநாள் பேசி அனுப்பியபோதுதான் பெண் குரல் என்று தெரிந்து, குழுவே 'மேடம் சார்' என்று மாற்றிக்கொண்டது. எந்தக் கார்டு அசல், எது டூப்ளிகேட் என்பதில் அங்கே அவர் சொல்வதுதான் தீர்ப்பு. ஆட்கள் வெளியூரிலிருந்தெல்லாம் தபாலில் கார்டு அனுப்புவார்கள். எக்ஸ்ரே படம் மாட்டிப் பார்க்கும் விளக்குப் பெட்டியில், எவருடைய நெஞ்செலும்புக்கோ பக்கத்தில் அந்தக் கார்டைச் சொருகி, லைட்டைப் போடுவார். பழைய அட்டை வெளிச்சத்தை விடாது, கம்மென்று இருக்கும். புதிதாக அச்சடித்தது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். "அசல்" அல்லது "அவுட்" என்று ஒற்றை வார்த்தை எழுதி அனுப்புவார். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்டதில்லை.

விற்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் போட்டோ எடுப்பார்கள். மடிந்த மூலைக்கு மேல் கட்டைவிரலை வைத்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் தவறாமல் ஒரு மாமா இருப்பார், அவருடைய பழைய டிரங்குப் பெட்டியில்தான் இது கிடைத்திருக்கும். டீ டிகாஷனில் ஊற வைத்துப் பழசாக்கிய கார்டு ஒன்று வந்தபோது, விளக்குப் பெட்டிக்கு வேலையே இல்லாமல் போனது. மேசைமேல் வைத்த அரை மணிக்குள் எறும்பு வந்துவிட்டது.

"டீயில ஊறப் போடறவன் சக்கரை இல்லாம போடக்கூடாது? அறிவு வேணாம்?" என்று அக்கா நிஜமாகவே வருத்தப்பட்டார். திருடனாக இருந்தாலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்டவரை ஏமாற்ற முடியாது என்றுதானே நினைப்பீர்கள்? நன்றாக ஏமாற்றலாம். ஒரு வாய் சோறு போட்டால் போதும்.

கூரியரில் வாங்குவது அவருக்குப் பிடிக்காது. பஸ் ஏறிப் போய், ஆளைப் பார்த்து, அட்டையைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார். பண்ருட்டியில் ஒரு ஆள் வீட்டுக்குப் போனபோது, கார்டை எடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டம்மா ஒரு தட்டு வறுத்த முந்திரி கொண்டுவந்து வைத்தார். நெய், மிளகு, உப்பு. அக்கா பேச்சு சுவாரசியத்தில் தட்டைக் காலி செய்துவிட்டார். அப்புறம் அந்த ஆள் கார்டுகளைப் பரப்பினான். நான் பார்க்கிறேன், எனக்கே தெரிகிறது, அத்தனையும் நேற்று அச்சடித்தது. அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு தம்பி" என்று முழு செட்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"அக்கா, அதெல்லாம் டூப்ளிகேட்டுக்கா!"

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா வாங்குனீங்க?"

"அவுங்க வூட்டு உப்பத் தின்னுட்டு, அந்த வூட்டுலயே ஒக்காந்துகிட்டு நீ திருடன்னு எப்புடிடா சொல்றது? எங்கம்மா எங்கள அப்புடி வளக்கல."

அவர் அம்மாவின் கணக்கில், ஒரு வீட்டில் உப்புப் போட்டதைத் தின்றுவிட்டால் அந்த வீட்டுக்கு எதிராக வாய் திறக்கக்கூடாது, அந்த வீட்டாரிடம் பொய்யும் சொல்லக்கூடாது. மீறினால் நாக்கு புழுத்துப் போகும் என்று சொல்லி வளர்த்திருக்கிறார். இனிப்புக்கு இந்தத் தடை கிடையாது. டீ குடிக்கலாம், காபி குடிக்கலாம், ஜாங்கிரி தின்னலாம், தின்ற கையோடு திருடன் என்றும் சொல்லலாம். சர்க்கரைக்கு என்ன சலுகை என்று கேட்டால், "சக்கரை ஒடம்புல தங்காதுடா, உப்புதான் தங்கும்" என்பார். வேலை பார்ப்பது ஸ்கேன் சென்டரில். சர்க்கரை தங்கிப்போய் ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் வரிசையாக வெளியே உட்கார்ந்திருப்பார்கள்.

பண்ருட்டி சேதி விற்கிறவர்கள் மத்தியில் பரவிவிட்டது. 'அந்தக் கடலூர் அம்மா வந்தா மொதல்ல எதாச்சும் சாப்பிடக் குடு' என்று ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முறுக்கு, மிக்சர், பஜ்ஜி என்று எங்களுக்கு மாப்பிள்ளை உபசாரம். அதனால்தான் அக்கா என்னைத் தவறாமல் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். கொடுப்பதை வேண்டாமென்றால் அந்த வீட்டுப் பெண்கள் மனசு நோகும். சாப்பிட்டால் இவர் வாய் கட்டிப் போகும். ஆக, அவருக்குப் பதிலாகச் சாப்பிடுவது என் வேலை.

"நீ தின்னுடா. நீயா வாங்கப் போற?" என்பார்.

என் வாழ்க்கையில் இவ்வளவு மனப்பூர்வமாக நான் வேறு எந்த வேலையையும் செய்ததில்லை. நெல்லிக்குப்பத்தில் ஒரு ஆள் கரும்பு ஜூஸ் கொடுத்தான். "உப்பு போட்டியா?" என்று கேட்டார் அக்கா. "இல்லீங்க, இஞ்சியும் எலுமிச்சம்பழமும்தான்" என்றான். இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் டூப்ளிகேட்டு. எடுத்து வை" என்றார். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. சாப்பிடக் கொடு என்று சொன்னவர்கள் உப்பு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அக்கா செய்த பெரிய தவறு, தேடுவதை வெளியே சொன்னதுதான். ஒருநாள் குழுவில், அந்த வேகப்பந்து வீச்சாளரின் பெயரைப் போட்டு, 'அவுட் கார்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், விலை பரவாயில்லை' என்று எழுதிவிட்டார். அதுவரைக்கும் உலகத்திலேயே இல்லாமல் இருந்த அந்தக் கார்டு, மழைக்குப் பிறகு காளான் மாதிரி முளைக்க ஆரம்பித்தது. புதுச்சேரியில் ஒருவர் வாங்கினார், விழுப்புரத்தில் ஒருவர் வாங்கினார், வாங்கிய கையோடு அக்காவுக்கு அனுப்பினார்கள்.

முதல் கார்டை விளக்குப் பெட்டியில் மாட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். பளிச்சென்று வெளிச்சம் வந்தது. டூப்ளிகேட்தான். ஆனால் அக்கா 'அவுட்' என்று எழுதவில்லை. இடது கீழ் மூலையில் பிறை மாதிரி ஒரு சாம்பல் நிழல் விழுந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே ஒரு தாத்தா சட்டையைக் கழற்றிவிட்டு மூச்சைப் பிடிக்கத் தயாராகக் காத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கார்டு வேறொரு ஆளிடம் வாங்கியது. அதிலும் அதே மூலையில் அதே பிறை.

"நகல் இத்தன இருக்குன்னா, அசல் ஒண்ணு எங்கியோ இருக்குடா" என்று சொல்லிவிட்டு லைட்டை அணைத்தார்.

குழுவில் கொந்தளிப்பாகிவிட்டது. ஏமாந்தவர்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து, இதை அச்சடிக்கிறவன் யார் என்று கண்டுபிடித்துப் பெயரைப் போட வேண்டும் என்று அக்காவைத்தான் பிடித்துக்கொண்டார்கள். புதுச்சேரிக்காரர் ரிட்டயர்ட் ஆனவர், காலையில் குட்மார்னிங்குக்குப் பதிலாக 'மேடம் சார், ஆள் கிடைத்தானா?' என்றே அனுப்புவார். அக்கா நெல்லிக்குப்பத்து ஜூஸ்காரனுக்குப் போன் போட்டார். "எனக்கும் சிதம்பரத்துலேர்ந்துதாங்க வருது. ஆள நான் பாத்தது இல்ல, நம்பர் தரேன்" என்று அவன் நம்பரைச் சொன்னான். அக்கா ஒவ்வொரு எண்ணாகத் தன் போனில் அழுத்தினார். கடைசி எண்ணை அழுத்தியதும் திரையில் தானாக வந்த பெயரைப் பார்த்தார். பிறகு போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"ஞாயித்துக்கெழம சும்மாதான இருக்க? சிதம்பரம் போயிட்டு வருவோம்" என்றார்.

பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரம் தாண்டி, நான்தான் உளறிக்கொண்டு வந்தேன். கீழவீதிப் பக்கம் ஒரு சந்தில், யாரிடமும் வழி கேட்காமல் விறுவிறுவென்று நடந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். பனியனும் லுங்கியுமாக ஒருவர் கதவைத் திறந்தார்.

"பாப்பா! என்னா சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற?"

ஐம்பது வயது எக்ஸ்ரே அக்காவைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒருவருக்குத்தான் உரிமை உண்டு. கார்டை எல்லாம் டப்பாவில் வைத்துக்கொண்டு, தங்கைக்குப் பபுள்கத்தை மட்டும் கொடுத்த அதே அண்ணன். கிள்ளைப் பக்கம் இறால் பண்ணை போட்டு, அது போய், செல்போன் கடை வைத்து, அதுவும் போய், இப்போது என்னவோ ஆன்லைனில் பிசினஸ் என்று மட்டும் வீட்டில் சொல்லி வைத்திருந்தார். கூடத்து மேசைமேல் பிரிண்டர் இருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் டீ டிகாஷன். என்னைப் பார்த்ததும் அதன்மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினார்.

அண்ணி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாம்மா! நல்ல நேரத்துலதான் வந்துருக்க. இட்லியும் கத்திரிக்கா கொத்சும் இப்பதான் எறக்குனேன். ஒக்காரு."

"அப்பறம் அண்ணி. அண்ணங்கிட்ட ஒரு வேல இருக்கு" என்றார் அக்கா.

அண்ணன் முகத்தில் சட்டென்று ஒரு கலக்கம் வந்தது. அவரும் அதே அம்மாவின் பிள்ளைதானே. தங்கை உப்பைத் தொடாமல் நிற்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா?

"மொதல்ல சாப்புடு பாப்பா."

"டப்பாவ எடுத்தாண்ணே."

"எந்த டப்பா? கொத்சு ஆறிடும்."

"ஆறட்டும்."

"ஒரு வாய்தான, சும்மா வை."

"டப்பாவக் காட்டு, அப்பறம் வைக்கறேன்."

இட்லித் தட்டு அண்ணன் கையிலிருந்து தங்கை பக்கம் போவதும், தங்கை கையிலிருந்து அண்ணன் பக்கம் வருவதுமாக இருந்தது. நான் அதைப் பார்த்தபடி என் தட்டைக் காலி செய்தேன். சிதம்பரத்துக் கொத்சுக்கு முன்னால் எனக்கு ரோஷம் எல்லாம் கிடையாது. ஆனால் பாவம் அந்த அண்ணி. அவருக்கு இந்தப் போரின் கதையே தெரியாது. தட்டு மூன்றாம் முறை திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கிவிட்டது.

"அப்புடி என்னாம்மா நான் பண்ணிட்டேன்? எங்க வூட்டுல கைய நனைக்க மாட்டியா நீ?"

அக்கா அண்ணியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லியைப் பிட்டு கொத்சில் தொட்டு வாயில் வைத்தார். அண்ணன் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு மதியச் சாப்பாடும் அங்கேதான். அக்கா ரசத்தை இரண்டு முறை வாங்கி ஊற்றிக்கொண்டார். கார்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும்போது அண்ணனே உள்ளே போய், ஒரு காகித உறையைக் கொண்டுவந்து தங்கை கையில் வைத்தார்.

"ஒன்னோடதுதான் பாப்பா. அன்னிக்கு நாந்தான் எடுத்து டப்பாவுல போட்டுட்டேன். கார்டுன்னு சொல்லிக்க ஒனக்கு ஒண்ணு இருந்தது எனக்குப் பொறுக்கல. வெச்சிக்க."

அக்கா உறையைப் பிரிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார். அண்ணி வெற்றிலை பாக்கு, குங்குமம், ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார்.

பஸ் சிதம்பரத்தைத் தாண்டியதும் அக்கா உறையைப் பிரித்தார். அதே வேகப்பந்து வீச்சாளர், அதே இடது மூலைப் பிறை. அப்போதுதான் அந்தப் பிறையின் கதையைச் சொன்னார். அண்ணன் அந்த அவுட் கார்டையும் ஒருநாள் பிடுங்க வந்தபோது, கையில் ஒளித்தால் பிடுங்கிவிடுவான் என்று வாயில் கவ்விக்கொண்டிருக்கிறார். அட்டையில் பல் நன்றாகப் பதிந்துவிட்டது. அசலை ஸ்கேன் செய்து அடித்தபோது அந்தப் பல் தடம் நிழலாக எல்லா நகலிலும் விழுந்திருக்கிறது. அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. அக்கா முதல் நகலிலேயே தன் பல்லைப் பார்த்துவிட்டார்.

சொல்லிக்கொண்டே அந்தப் பிறையின்மேல் விரலை வைத்துத் தடவினார். பள்ளம் இல்லை. வழவழவென்று இருந்தது. திரும்பவும் தடவினார். என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். நிழல்தான் இருந்தது, பல் இல்லை.

நான் பதறிப்போய், "அக்கா, எறங்குங்க, திரும்பிப் போயி ரெண்டுல ஒண்ணு கேட்ருவோம்" என்றேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

"எப்புடிடா கேக்கறது? ரெண்டு தடவ ரசம் ஊத்திகிட்டனே!"

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். கடைசியில் துடைத்தது சிரிப்பால் வந்த தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் குழுவில் எழுதினார்: 'விசாரித்தேன். அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டேன். இனிமேல் என்னைக் கேட்காதீர்கள்.' வெளியூர்க்காரர்களுக்கு இது எப்படிப் புரியும்? முதலில் விளையாட்டு என்று நினைத்தார்கள். பிறகு புதுச்சேரிக்காரர், 'மேடம் சாருக்கும் பங்கு போகிறது போல' என்று எழுதினார். அதற்கு ஏழெட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஒரு கார்டில் கூடப் பொய்த் தீர்ப்பு எழுதாத மனுஷி. வாசித்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினார். தபாலில் கார்டு வருவது நின்றுபோனது. எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. அண்ணன் பெயரை நான் போட்டுவிடுகிறேன் என்று போனை எடுத்தேன்.

"நீயும் அங்க ஆறு இட்லி தின்னடா" என்றார். போனைக் கீழே வைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து அண்ணன் முட்டி வலி என்று எங்கள் சென்டருக்கே வந்தார். சிதம்பரத்தில் எக்ஸ்ரே எடுக்க இடமா இல்லை? அக்கா எல்லா நோயாளியிடமும் சொல்வதைப் போலவே, "மடக்காத, ஆடாத, அப்புடியே இரு" என்று அதட்டி முட்டியைப் படம் எடுத்தார். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அண்ணனுக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்பதை அவர் மூக்கே சொன்னது.

"ஒக்காருண்ணே."

"வேணாம் பாப்பா. நான் சாப்ட்டுட்டுதான் வந்தன்."

"சரி, நான் சாப்புடறன். நீ பாத்துகிட்டு இரு" என்று அக்கா நிதானமாகப் பிசைந்தார். வேண்டுமென்றேதான். எனக்கும் ஒரு கரண்டி வைத்தார். அண்ணன் சுவரில் மாட்டியிருந்த யாருடைய இடுப்பெலும்பையோ பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அம்மா வெக்கற மாரியே இருக்கு" என்று ஒருமுறை சொன்னார். அப்புறம் தட்டைச் சுத்தமாக வழித்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பைக்குள் விரலை விட்டு ஒரு கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். தங்கை முகத்தைப் பார்க்கவில்லை.

"இதான் அசல். அன்னிக்குக் குடுக்க மனசு வரல பாப்பா. அது இல்லாம எனக்கு வேற பொழப்பு இல்லன்னு நெனச்சன். ஸ்கேன் பண்ணி போன்ல வெச்சிருந்ததயும் அழிச்சிட்டன். இனிமே அடிக்க மாட்டன்."

அக்கா கார்டை எடுத்து இடது மூலையில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. சின்னப் பல்லின் பள்ளம் அது. அந்தப் பல் விழுந்து, எந்தக் கூரைமேலோ வீசி எறியப்பட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அக்காவின் முகம் இவ்வளவு இளசாக இருந்து நான் பார்த்ததில்லை. நான் வேலை இருப்பவனைப் போல எழுந்தேன்.

ஆனாலும் எனக்கு அந்த அண்ணன்மேல் நம்பிக்கை வரவில்லை. தங்கைக்கே ஒருமுறை நகலைக் கொடுத்த ஆள், இந்த முறை பள்ளத்தையும் சேர்த்து அச்சடிக்கக் கற்றிருக்க மாட்டார் என்று என்ன நிச்சயம்? அக்கா கையிலிருந்து கார்டை மெதுவாக வாங்கி, விளக்குப் பெட்டியில் அண்ணனின் முட்டிப் படத்துக்குப் பக்கத்திலேயே சொருகி, லைட்டைப் போட்டேன். அட்டை என்ன சொல்கிறது என்று நான் பார்ப்பதற்குள் அக்காவின் உள்ளங்கை அதை மூடிவிட்டது.

"அவன் சாப்ட்டுட்டான்டா" என்றார். "லைட்ட நிறுத்து."